இரண்டாம் செவ்வாய்க்கிழமைக்கு ஒரு புத்தகம்

ஆக்லாந்தில் செவ்வாய் மாலை ஆறுக்கு ஏறினால்
சாந்தியாகோவில் அதே செவ்வாய்
பகல் ஒரு மணிக்கு இறங்கலாம்.
நடுவில் பதினோரு மணி நேரம்
எந்த நாட்காட்டியிலும் ஏறாமல் கிடக்கிறது.
அதற்குத்தான் ஒரு புத்தகம் வேண்டும் எனக்கு.

கையில் முப்பத்தொரு டாலர், பாதி சில்லறை.
ஒசோர்னோவில் செல்லாத காசு.

வழிக்குப் புத்தகம் எடுப்பது
கட்டுச்சோறு கட்டுவது மாதிரி;
பாதித் தூரத்தில் ஊசிப்போகக் கூடாது.

அட்டையில் ரத்தம் சொட்டும் ஒன்றை எடுத்தேன்.
நாலு மணி நேரத்தில் கொலைகாரன் அகப்பட்டுவிடுவான்.
மிச்சம் ஏழு மணி நேரம்
பசிபிக்கின் மேலே
அவனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

மகிழ்ச்சிக்கு வழி சொல்லும் புத்தகத்தில்
எழுதியவர் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார்.
விடிகாலை நாலு மணிக்குப் பால் கறந்தவரில்லை.

தலையணை மொத்தத்தில் ஒரு போர்க்கதை.
மோரின்ஸ்வில்லில் இரண்டு வருடம்
முந்நூற்றெண்பது மாடுகளுக்குக் கறவைக்குழாய் மாட்டிய
மணிக்கட்டு இது, தாங்காது.

என் இங்கிலீஷ் கொட்டிலில் கற்றது.
நகரு. நில்லு. காலை எடு.
மெதுவாடி பெண்ணே.
அதனால் தொண்ணூறாம் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன்.
முதல் பக்கத்தில் எல்லா எழுத்தாளர்களும்
குளித்துத் தலைவாரி நிற்பார்கள்.
தொண்ணூறில்தான் வீட்டு உடுப்பில் இருப்பார்கள்.

கடைசி அடுக்கில் ஒன்று.
தொண்ணூறில் ஒருத்தி உப்பளத்தில்
கழுதையைத் தேடிக்கொண்டிருந்தாள்.
தொண்ணூற்றொன்றிலும் தேடினாள்.
கிடைத்ததா என்று பார்க்காமல் மூடிவிட்டேன்.
இருபத்தொன்பது டாலர்.

பக்கத்து இருக்கையில் தமாட்டி.
வால்டிவியாவில் ரக்பி சொல்லிக்கொடுக்கப் போகிறானாம்,
வலது கையில் தோள்வரை மாவுக்கட்டோடு.
அவன் முன்னால் இருந்த திரை கறுத்துக் கிடந்தது.
பணிப்பெண் மூன்று முறை உயிர்ப்பித்துப் பார்த்துவிட்டு
மன்னிப்புக் கேட்டு
ஒரு கடலைப் பொட்டலம் கொடுத்தாள்.

அறுபத்துமூன்றாம் பக்கத்தில்தான் கவனித்தேன்.
அவனும் படித்துக்கொண்டிருந்தான்.
என்னைவிட வேகம்.
பக்கத்தை முடித்ததும்
விளக்கைப் பார்ப்பதுபோல் அண்ணாந்துகொள்வான், நாகரிகமாக.
நான் திருப்பியதும் கண் இறங்கிவரும்.
புரியாத சொல்லில் என் விரல் நின்றால்
கேட்காமலே இடது கையால்
காற்றில் ஒரு கழுதையைப் பிடித்து
வாயில் எதையோ மாட்டி இழுப்பான்.
ஓ, கடிவாளம்.

எங்கோ ஓரிடத்தில்
செவ்வாய் தீர்ந்து புதன் பிறந்து
புதன் மறுபடி செவ்வாயானது.
யாரும் விழித்திருக்கவில்லை.
சன்னல் மூடிகள் எல்லாம் இறங்கியிருந்தன.

கழுதை இருநூற்றுப் பதினொன்றில் கிடைத்தது.
பக்கத்து உப்பளத்தில்,
வேறு பெயரோடு,
நன்றாகத் தின்று கொழுத்து.
மாவுக்கட்டு குலுங்க அவன் சிரித்தான்.
நான் சிரிக்கவில்லை.
இரண்டு வருடம் என்னை எடி என்றார்கள்.
எடெல்மிரா யாருக்கும் வாயில் நுழையவில்லை.

மலைகள் தெரிந்தபோது முப்பத்தெட்டுப் பக்கம் மிச்சம்.
மேசையை மடக்கச் சொன்னார்கள்.
அவன் கேட்டது முடிவை அல்ல:
"ஆரம்பத்தில் என்ன நடந்தது?"

அறுபத்திரண்டு பக்கத்தை
இந்த இங்கிலீஷில் எப்படிச் சொல்ல?
முதுகெலும்பில் கட்டைவிரலை வைத்துக் கிழித்தேன்.
மணிக்கட்டு அதற்குத் தாங்கியது.
அந்தச் சத்தத்துக்கு
முன்வரிசையில் ஒரு குழந்தை விழித்து அழுதது.
அட்டையும் அவனோடு போயிற்று.

சுங்கத்தில் ஒரு நாய்
என் பையை நெடுநேரம் முகர்ந்தது.
பழம் உண்டா, விதை உண்டா, பாலாடைக்கட்டி உண்டா?
தலையில்லாத புத்தகம் ஒன்று உண்டு என்றேன்.
போ என்றார்கள், ஸ்பானிஷில்.

ஒசோர்னோவுக்குப் பஸ்ஸில் பத்து மணி நேரம்.
சன்னலோர இருக்கை.
பையில் உதவாத இரண்டு டாலர்,
முப்பத்தெட்டுப் பக்கம்.

மெதுவாடி பெண்ணே.